கல்லின் வருகிற முகம்

கடலோர நடைபாதையில் மஞ்சள் அம்பு போடுவது என் வேலை. துறைமுகத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை பதினான்கு கிலோமீட்டர், இருநூற்றுப் பதினாறு குத்துக்கற்கள். நடக்க வருகிறவர்கள் கடலைப் படம் எடுப்பார்கள், இடிந்த கோட்டையைப் படம் எடுப்பார்கள், கப்பல் உடைந்து செத்த மாலுமிகளின் கல்லறைமேல் சாய்ந்துகொண்டு தங்களையே படம் எடுப்பார்கள். அம்பை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு கல்லில் அது இல்லாவிட்டால் போதும், ஆபீஸுக்குப் போன் போட்டுக் கிழிகிழியென்று கிழித்துவிடுவார்கள்.

பதினோரு வருடம் என்னோடு இந்த வேலையைப் பார்த்தவன் என் தங்கையின் கணவன். நான் அவனை மாப்பிள்ளை என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். கோபம் வந்தால் கல்லுளிமங்கன் என்பான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது. கோட்டையை யார் கட்டியது என்று யாராவது கேட்டால், முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு, "ஒரு தளபதி அவர் சம்சாரத்துக்காகக் கட்டினாருங்க. அந்தம்மா வந்து பாத்துட்டு, காத்து ஜாஸ்தியா இருக்குன்னு திரும்பிப் போயிட்டாங்க" என்பான். கேட்டவர்கள் அதைக் குறித்துக்கொண்டும் போவார்கள். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு முகம். கலங்கரை விளக்கத்தை நோக்கிப் போகிறவர்கள் பார்ப்பது போகிற முகம். திரும்புகிறவர்கள் பார்ப்பது வருகிற முகம். ஆகவே குறி போட்டாலும் அழித்தாலும் பாதையை இரண்டு தரம் நடக்க வேண்டும். போகும்போது ஒரு முகம், வரும்போது மறுமுகம். இன்னொன்றையும் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம். மூடுபனி இறங்கினால் உன் கண்ணை நம்பாதே, உன் ஞாபகத்தையும் நம்பாதே, அம்பை நம்பு.

சென்ற மழையில், பாதையோரத்துப் பழைய காவல் கோபுரத்துக்குக் கீழே பாறை விளிம்பு விரிசல் விட்டது. பாதையை நாற்பதடி உள்ளே தள்ளிப் போடச் சொல்லி ஆபீஸில் உத்தரவு. தடுப்புக் கம்பங்கள் பிறகு வரும் என்றார்கள். அந்த இடத்துப் பன்னிரண்டு கல்லும் என் பொறுப்பு. மாப்பிள்ளை அந்த வாரம் முழுக்க ஆபீஸ் வண்டியில் கலங்கரை விளக்கத்துப் படிகளைச் சரிசெய்யப் போய்வந்தான். கம்பி பிரஷ்ஷால் பழைய அம்புகளைத் தேய்த்து அழித்துக்கொண்டும், உள்ளே நட்ட புதுக் கற்களில் பெயிண்ட் அடித்துக்கொண்டும் போனேன். எல்லாம் போகிற முகத்தில். முடிக்கும்போது முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. மிச்சப் பாதையையும் நடந்து சேர்ந்தபோது, கலங்கரை விளக்கத்தின் அடியில் சுற்றுலா வேன் ஒன்று நின்றது. டிரைவர் தெரிந்தவர். "ஏறுங்க, துறைமுகத்துல விடறேன்" என்றார். ஏறிவிட்டேன். மறுமுகத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் கொட்டுகொட்டென்று கொட்டியது. அதற்கடுத்த நாள் கோட்டையில் கைப்பிடிக் கம்பி உடைந்ததென்று அங்கே அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் சாமான் கொட்டகையில் மாப்பிள்ளை கேட்டான்.

"மச்சான், கோபுரத்துக்கிட்ட ரெண்டு முகமும் முடிஞ்சுதா?"

மேலதிகாரியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு வந்திருந்தேன். மூக்குக்கு மேல் கோபம்.

"முடிச்சாச்சு. எனக்கு நீ வேலை கத்துக் குடுக்காதே."

"அய்யோ, கல்லுளிமங்கனுக்குக் கோவம் வந்துடுச்சு" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். வாய் கூசாமல் நான் சொன்ன பொய் அது. சொல்லும்போது அதைப் பொய்யாகக்கூட நினைக்கவில்லை. எப்படியும் நாளைக்கு முடிக்கப்போகிற வேலைதானே?

அடுத்த நாள் மத்தியானம் மூடுபனி இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. ஆபீஸ் வண்டி வரவில்லை. மாப்பிள்ளை கலங்கரை விளக்கத்திலிருந்து நடந்தே வீட்டுக்குக் கிளம்பினான். மறுநாள் மீன் பிடிக்கப் போனவர்கள் அவனைப் பாறைக்குக் கீழே பார்த்தார்கள்.

ஆபீஸிலிருந்து வந்தவர் 'கால் இடறி' என்று எழுதிக்கொண்டு போனார். ஊர் அப்படி எழுதவில்லை. பதினோரு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு நடந்த பாதையில் ஒருவன் எப்படி இடறுவான் என்று கேட்டது. என் தங்கையும் அதையே கேட்டுக்கொண்டாள்.

அவளுக்கு மருத்துவமனையில் துணி அறையில் வேலை. பதினைந்தாம் நாள் வேலைக்குப் போனாள். சாப்பாடு எடுத்துக்கொண்டு நானும் போனேன். கூரை வரை அலமாரிகள், ஈர ஆவி, சோப்பு நெடி. ஒரு படுக்கை விரிப்பையே மடிப்பதும் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தாள். மூலை சேரவே இல்லை.

"பாப்பா, ரெண்டு வாய் சாப்பிடு."

"அன்னைக்குக் காலையில சண்டைண்ணா" என்றாள், என்னைப் பார்க்காமல். "மூணு மாசமா சமையல்கட்டு ஒழுகுது. கேட்டா, மழைய நிறுத்தச் சொல்லி ஆபீஸுக்கு எழுதிப் போட்டிருக்கேங்கறாரு. எனக்கு நைட் ஷிப்ட் முடிஞ்ச எரிச்சல். நீ வீட்டுப் பக்கமே வராதேன்னுட்டேன். சிரிச்சுட்டே போனாரு. வரலையே."

"அவன் அதுக்காக உசுர விடறவனா?"

"உள்ள என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? எனக்கே தெரியலையே."

எனக்குத் தெரியும். அவன் உடல் கிடைத்த மறுநாள் காலையே கோபுரத்துக்குப் போயிருந்தேன். பழைய பன்னிரண்டில் எட்டாவது கல்லின் வருகிற முகத்தில் பழைய அம்பு மழையில் கழுவிவிட்டது போலப் பளிச்சென்று இருந்தது. அது காட்டிய திசையில் ஒன்பது அடி மண் பாதை, அப்புறம் பெயர்ந்து விழுந்த விளிம்பு. பாதை மாறியது அவனுக்குத் தெரியும். எங்கே மாறியது என்பதுதான் தெரியாது. நான் முடித்துவிட்டேன் என்று சொன்னதால், கண்ணில் பட்ட அம்பைப் புது அம்பு என்றே நினைத்திருப்பான். பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தேன். பன்னிரண்டு கல்லையும் தேய்த்தேன். புதுக் கற்களின் வருகிற முகத்திலும் பெயிண்ட் அடித்தேன். இன்னொருவன் விழக்கூடாது என்பதற்காகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். பயந்தேன். எனக்கு மிஞ்சியிருந்த ஒரே உறவு அவள்.

ஒரு வாய் வாங்கிக்கொண்டாள். விழுங்க முடியாமல் அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன். அதன் பிறகு தினமும் போனேன். தினமும் ஊட்டினேன். தினமும் சொல்லாமல் திரும்பினேன். அவள் கைவளையல் முழங்கை வரை ஏறிக்கொண்டிருந்தது.

முப்பத்து நான்காம் நாள் அவளே கேட்டாள். "அந்த எடத்தைப் பாக்கணும்ணா. அவரு வந்த பக்கமிருந்தே நடக்கணும்."

வேனில் போய்க் கலங்கரை விளக்கத்தில் இறங்கினோம். வெயில் நன்றாக இருந்தது. கடல் அடிவரை தெரியும்படி தெளிந்து கிடந்தது. அழகைப் பார்க்க ஆயிரம் பேர் வருகிற பாதை. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். எட்டாவது கல் வந்ததும் நான் நின்றேன். அவள் விளிம்பைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் ஒரு நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இவளும் இருக்கமாட்டாள் என்று பட்டது.

கல்லில் தேய்த்த வெள்ளைத் தடத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். வேனை, முழங்காலை, கொட்டகையில் சொன்னதை, மறுநாள் காலை தேய்த்ததை. ஒன்றையும் விடவில்லை.

அவள் குனிந்து அந்தத் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப அவரு வீட்டுக்குத்தான் வந்துட்டிருந்தாரா?"

"ஆமா பாப்பா. வீட்டுக்குத்தான்."

அவள் முகம் மலர்ந்தது. அந்த இடத்தில், அந்த நிலையில், என் தங்கை சிரித்தாள். கல்லைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுபடி சிரித்தாள். ஒரு கணம் எனக்கும் மன்னிப்பு கிடைத்துவிட்டது என்றே நினைத்துவிட்டேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"உனக்கு முதல் நாளே தெரியும்."

"தெரியும்."

"நான்தான் அவரைக் கொன்னேன்னு அழுதேன். நீ பக்கத்துல உக்காந்து சோறு ஊட்டின."

கையை நீட்டினேன். அவள் விலகிக்கொண்டாள்.

"மறந்தது சரி. யாரும் மறப்பாங்க. அவரா இருந்தா அதையும் சிரிச்சு விட்டிருப்பாரு. ஆனா இத்தனை நாளு, அண்ணா..."

செருப்பைப் போட்டுக்கொண்டு புதுப் பாதையில் இறங்கினாள். பின்னால் போனேன். திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினாள். எட்டாவது கல்லருகிலேயே நின்றுவிட்டேன்.

வெட்ட வெளிச்சம். பாதை கோட்டை வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. இருந்தும் அவள் நான் போட்ட ஒவ்வொரு அம்பின் முன்னாலும் நின்றாள். காலை நீட்டித் தரையைத் தட்டிப் பார்த்தாள். அப்புறம்தான் அடுத்த அடியை வைத்தாள்.