பாதி விரிந்த குடை

ஸ்டெல்லாவுக்கு வயிறு எரிந்தது. அவள் ஊர் மாதா கோயில்தான் பழையது, கோபுரமும் உயரம். ஆனால் ரோமிலிருந்து பசிலிக்கா பட்டம் வந்தது என்னவோ நாத்தனார் ஜெபாவின் ஊர்க் கோயிலுக்கு. திருவிழாவுக்குப் போனவள், பீடத்தருகே சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு பட்டுக்குடை பாதி மட்டும் விரிந்து நிற்பதைக் கண்டாள்.

"ஒரு குடையக்கூட ஒழுங்கா விரிக்கத் தெரியல. இதுங்களுக்குப் பட்டம் ஒரு கேடு!" என்று முணுமுணுத்தபடி போய் அதை முழுசாக விரித்துவிட்டாள்.

ஜெபா பதறி ஓடிவந்தாள். "ஐயோ, இன்னா அண்ணி பண்ணிட்டீங்க! பசிலிக்கான்னா அது போப்பாண்டவரு கோயிலு. அவருக்காகக் காத்துக்கினு கீற குடை இது. அவரு வந்தாதான் முழுசா விரிக்கணும்."

கோயிலே திரும்பிப் பார்த்தது. ஸ்டெல்லா குடையைப் பழையபடி பாதிக்கு இறக்கினாள்.

"வரட்டும், வரட்டும். வள்ளூர் ரோட்டுல எங்க கோயிலத் தாண்டித்தான வரணும்? உட்டுடுவமா?"