கழுவப் போன படங்கள்

"பீ...ங்!"

மூன்றாம் எண் டிரையர் அலறி ஓய்ந்த அதே நொடியில் மடிப்பு மேசைக்கு முன்னால் வந்து நின்றார் சூப்பர்வைசர். வந்த வேகத்தில் கையை நீட்டினார்.

"எங்க அந்த அட்டைக் கேமரா? கழுவக் கொடுக்கணும். நானே எடுத்துட்டுப் போறேன்."

"கழுவறதுன்னா நம்மகிட்டயே பதினாலு மெஷின் இருக்கே சார்!" என்றாள் பெரியக்கா.

மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதவள் ஒருத்திதான். புதுசு.

ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்து அனுப்பும் சலவைக்கூடம் அது. சேர்ந்து ஐந்து மாதம் முடியப் போகிறது, இன்னும் அவளுக்கு அங்கே 'புதுசு' என்றுதான் பெயர். ஆறாவது மாதம் வேலை நிரந்தரமாகும். அதற்கான படிவத்தைக் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை தருவதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். இதற்கு முன் பார்த்த மூன்று வேலைகளிலும் புதுசு ஆறாவது மாதத்தைக் கண்ணால் கண்டதில்லை. கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது, அதுதான் காரணம்.

"இன்னும் மூணு படம் பாக்கி இருக்கு சார்," என்றாள் அவசரமாக. "முடிச்சுட்டுத் தர்றேனே?"

"நாலு மணிக்கு என் கையில இருக்கணும்," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்ததால் அவர் பேச்சில் ஒரு சீழ்க்கையும் கூடவே வரும். அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் 'விசில்'.

யாரோ ஒருத்தியின் செல்போன் விரிப்போடு விரிப்பாக நாற்பது நிமிடம் கொதிநீரில் சுற்றியதிலிருந்து அங்கே செல்போன்கள் வாசலோடு சரி. பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அதனால்தான் வேலையை விட்டுப் போகும் எதிர்முனையின் கடைசி வாரத்துக்காக இந்தக் கேமராவை வாங்கினார்கள். பிலிமோடு வரும், இருபத்தேழு படம் எடுத்ததும் அப்படியே ஸ்டூடியோவில் கொடுத்துவிட வேண்டியதுதான். படம் திரும்பி வரும், கேமரா வராது.

ஆஸ்பத்திரி விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையில் பெரியக்கா. மறுமுனையில் நின்றவள் எதிர்முனை. பத்தொன்பது வருடம் அப்படியே கூப்பிட்டுப் பழகி, அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுபோயிற்று. நேற்று மாலை அவள் கிளம்பிவிட்டாள். கடல் தாண்டி, மகன் வீட்டுக்கு, ஒரேயடியாக.

ஒரு வாரமாகக் கேமரா மடிப்பு மேசைக் கொக்கியில் தொங்கியது. தோன்றியவர் தோன்றியதை எடுத்தார்கள். ஆவியில் நனைந்து ஒட்டிப்போன தலைமுடி, ஜோடி சேராத காலுறைகளின் குவியல், தேநீர் வேளையில் நாற்காலியில் தூக்கிப் போட்ட கால்கள். புதுசும் எடுத்தாள். அதில் ஒன்றுதான் இப்போது அவளுக்கு வினையாக வந்தது.

வியாழக்கிழமை மதியம், டிரையரிலிருந்து எடுத்துக் கொட்டிய துண்டுகளின் இளஞ்சூட்டில் சாய்ந்து, வாயைப் பிளந்தபடி விசில் தூங்கிக்கொண்டிருந்தார். தலைக்கு நேர் மேலே, அவரே எழுதி ஒட்டிய அறிவிப்பு: 'கண் அசந்தால் வேலை அசையும்!' யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? ஃபிளாஷ் பொத்தானை அழுத்தினாள். கேமரா கொசு மாதிரி 'ஙொய்ங்' என்று ராகம் இழுத்தது. கிளிக். அவர் அசையவில்லை. அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இப்போது அவரே அதைக் கழுவக் கொண்டுபோகிறார். அந்த வாரம் முழுக்க மனிதர் படிய வாரிய தலையும் மடிப்புக் கலையாத சட்டையுமாக வந்து, நாளைக்குப் பத்துத் தடவை மடிப்பு மேசையைச் சுற்றிக்கொண்டிருந்தார். மேலிடத்திலிருந்து சோதனைக்கு வருகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். வேவு பார்க்கிறார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எப்படிப் பார்த்தாலும் தன் கதை முடிந்தது என்று புதுசுக்குப் பட்டது.

கேமராவோடு கறை நீக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளிச்சம் பட்டால் பிலிம் பாழாகும் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். அட்டையைக் கிழித்து, கத்தரி முனையை இடுக்கில் விட்டு நெம்பினாள். பின்மூடி திறந்தது. கூடவே விரலில் சுளீரென்று ஒரு ஷாக்.

"ஐயோ அம்மா!"

ஃபிளாஷுக்காகச் சேர்த்து வைத்திருந்த மின்சாரத்தை அந்தச் சின்னப் பெட்டி அவள் மேல் இறக்கிவிட்டது. கையை உதறிக்கொண்டே, உள்ளே சுருண்டு பளபளத்த பிலிமை விளக்கடியில் காட்டினாள். மூடினாள். டேப் ஒட்டினாள். 'ஒழிந்தது சனியன்' என்று மூச்சு விட்டபடி வெளியே வந்தாள்.

பெரியக்கா ஒரு விரிப்பைத் தனியாக மடித்துக்கொண்டிருந்தாள். தாடையில் ஒரு முனையை இடுக்கி, கையை அகல விரித்து, எட்டாமல், மறுபடி உதறி.

"வாடி. அந்த முனையப் பிடி," என்றாள். "நேத்து எங்க ரெண்டு பேரையும் எடுத்தியே, அது நல்லா வந்திருக்கும்ல?"

புதுசின் கை விரிப்பிலேயே நின்றுவிட்டது.

"பத்தொன்பது வருஷம் ஒரே துணியப் பிடிச்சிருக்கோம். சேர்ந்து எடுத்த படம்னு அது ஒண்ணுதான். ரெண்டா போட்டு ஒண்ணை அவளுக்கு அனுப்பிடணும்."

தன் தலை தப்ப வேண்டும் என்ற பதற்றத்தில் அந்தப் படம் அவளுக்கு நினைவுக்கே வரவில்லை. இத்தனைக்கும் எடுத்தவளே அவள்தான்.

"அக்கா... நான் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன்," என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

பெரியக்கா திட்டவில்லை. அதைவிடத் திட்டியிருக்கலாம். விரிப்பை மேசையில் வைத்து, இல்லாத சுருக்கத்தைக் கையால் நீவினாள். ஒரு தடவை. இரண்டு தடவை.

"போனாப் போகட்டும்னு என்னால சொல்ல முடியலடி," என்றாள் கடைசியில். "ஆனா, கறையப் பார்த்ததுமே துணியத் தூக்கிப் போடுறது நம்ம பழக்கம் இல்ல. நானும் வர்றேன். கழுவிப் பார்த்துருவோம்."

நான்கு மணிக்கு மூவரும் எதிர்ச்சாரியில் இருந்த ஸ்டூடியோவுக்குப் போனார்கள். விசில் முன்னால், கைதிகள் மாதிரி இவர்கள் பின்னால்.

ஸ்டூடியோக்காரர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு இதைத் திறந்தது?"

"நான்தான்," என்றாள் புதுசு. விசில் திரும்பினார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "சார், நீங்க தூங்கினப்ப படம் எடுத்துட்டேன். நீங்க பார்த்தா வேலை போயிடும்னு பயந்து வெளிச்சத்துல காட்டிட்டேன். பெரியக்காவோட படமும் அதுலதான் இருந்துச்சு. நீங்க என்னை என்ன வேணா பண்ணுங்க. அது ஒண்ணு மட்டும் வந்துட்டாப் போதும்."

விசில் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்டூடியோக்காரரோ சிரித்தார்.

"எதுக்கும்மா இப்படிப் பதறுற? இந்த மாதிரி கேமராவுல பிலிமை முன்னாடியே முழுக்க வெளிய இழுத்து வச்சிருப்பாங்க. ஒரு படம் எடுத்துப் பல்சக்கரத்தைத் திருப்பினா, அந்தப் படம் இந்த உருளைக்குள்ள போயிடும். எடுத்ததெல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. நீ வெளிச்சம் காட்டினது எடுக்காத மூணுக்குத்தான்."

புதுசு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆனா கடைசியா எடுத்தது எது?" என்று அவர் இழுத்தார். "எடுத்துட்டுச் சக்கரத்தைத் திருப்பாம விட்டிருந்தா, அது மட்டும் வெளிய நின்னிருக்கும்."

கடைசிப் படம் பெரியக்காவும் எதிர்முனையும்தான். திருப்பினோமா? புதுசு விரல்களைப் பார்த்தாள். அவளுக்கு நினைவில்லை.

"நான் திருப்பினேன்!" பெரியக்காவின் குரலில் கடையே அதிர்ந்தது. "அவளைத் தனியா ஒண்ணு எடுக்கலாம்னு இவகிட்ட வாங்கித் திருப்பினேன். நேரமாச்சுன்னு ஓடிட்டா பாவி. ஓடினது நல்லதாப் போச்சு!"

ஒரு மணி நேரம் கழித்து மேசை மேல் இருபத்துநான்கு படங்கள் பரவின. கடைசிப் படத்தின் ஓரத்தில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீற்று. நடுவில் வெள்ளை விரிப்பு, அந்த முனையில் அவள், இந்த முனையில் இவள், இருவருக்கும் பாதிச் சிரிப்பு. பெரியக்கா அதை எடுத்து, அழுக்குப் படாமல் விளிம்பில் பிடித்து, "இந்தக் கறை இருந்துட்டுப் போகட்டும்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே புதுசின் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். அந்தக் குட்டு புதுசுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

விசில் மட்டும் படங்களை ஒவ்வொன்றாக விலக்கித் தேடினார். அது கிடைத்தது. பிளந்த வாய், மேலே பளிச்சென்று அறிவிப்பு. அதை வெகுநேரம் பார்த்தார்.

"சார்... திங்கட்கிழமை நான் வரலாமா?"

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த படிவத்தை எடுத்து நீட்டினார். கையெழுத்து இருந்தது. கீழே வியாழக்கிழமைத் தேதி. புதுசு விழித்தாள்.

"அன்னைக்குத்தானே சார் நான் இதை எடுத்தேன்?"

"தெரியும்மா. அந்தப் பெட்டி ஙொய்ங்னு கத்தினதுமே முழிச்சிட்டேன். ஒரு வாரமா தலையை வாரிட்டு உங்களையே சுத்திச் சுத்தி வந்தேன், ஒருத்தரும் என்னை எடுக்கல. நீயாச்சும் எடுக்கிறியேன்னுதான் வாயக்கூட மூடாம அப்படியே கிடந்தேன்!"