ஏழாம் மாதத்து வெந்நீர்

சோதனைக் குழாயில் தண்ணீர் சிவந்தது.

லியாக்கத் அலி மூன்றாம் முறையும் செய்து பார்த்துவிட்டான். சந்தேகமே இல்லை. பீனால்! மங்கலம்பேட்டையிலிருந்து தங்கை சர்புன்னிசா, “உங்க வயித்துவலிக்கு நல்லது” என்று அனுப்பியிருந்த வெந்நீர் ஊற்றுத் தண்ணீர். வாசனை உறுத்தவே சோதித்தான். ஆஸ்பத்திரித் தரை கழுவும் அதே கார்பாலிக்! ஏழு மாதக் கர்ப்பிணியான அவளும் அதைத்தான் தினமும் குடிக்கிறாள்.

சிதம்பரம் கல்லூரி ஆய்வுக்கூடத்துச் சாவியைப் பியூனிடம் வீசிவிட்டுக் கடலூருக்கு ஓடினான். ஊற்றை மூட உத்தரவு போடவேண்டிய அதிகாரி வெளியூர் கேம்ப். வர நாலு நாளாகும். கடலூரின் திருப்பாதிரிப்புலியூரிலேயே பஸ் பிடித்து மங்கலம்பேட்டையில் இறங்கியபோது வெயில் சாய்ந்துவிட்டது.

ஊருக்கு வெளியே, போன வருஷம் 1963இல் நிலக்கரி தேடித் துளை போட்டபோது பீறிட்ட ஊற்றில் ஆவி பறந்தது. குடமும் கையுமாக ஜனம். நடுவில் தங்கை புருஷன் நூர்முகம்மது.

“வாங்க மச்சான்! என்ன திடீர்னு?”

“யாரும் குடிக்காதீங்க! தண்ணியில கார்பாலிக் இருக்கு!”

நூர்முகம்மதுவின் முகம் மலர்ந்தது. “அதான் சோப்பு வாசனை அடிக்குதா! கேட்டீங்களா? சிதம்பரத்துல டெஸ்ட் பண்ணிட்டாங்க. கிருமிய கொல்ற மருந்தாம்!”

“ஐயோ, அது தரை கழுவுறதுக்கு! குடிக்கிறதுக்கு இல்ல!”

“தரையில இருக்கற கிருமிய கொல்லுது, வயித்துல இருக்கறத உட்டுருமா?” என்றாள் வரிசையில் நின்ற இருசம்மாள். “குடிச்சா செத்துருவமா பாய்?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “உடனே ஒண்ணும் ஆவாது. நாள்பட...”

“ஒண்ணும் ஆவாதாம்!”

வரிசை முண்டியடித்தது.

வீட்டுக்கு ஓடினான். சர்புன்னிசா ஆவி பறக்கும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அவன் சொன்ன எல்லாவற்றையும் கேட்டாள்.

“அண்ணே, மொத ரெண்டும் அஞ்சு மாசத்துலயே போச்சு. இந்தத் தண்ணி குடிச்சப்புறம்தான் இது தங்கியிருக்கு.”

“தண்ணியால இல்லம்மா.”

“வேற எதால?”

அவன் டம்ளரை வாங்கக் கை நீட்டினான்.

“நிறுத்திடுறேன். நிறுத்தி இதுவும் போச்சுன்னா, நிறுத்துனதால இல்லன்னு ஒங்க டெஸ்ட்ல காட்டுவீங்களா?”

அவனிடம் அப்படியொரு டெஸ்ட் இல்லை.

“சொல்லுங்கண்ணே. நிறுத்தட்டுமா?”

அதைச் சொல்லத்தான் இரண்டு ஊர் சுற்றி வந்தான். அவள் வயிற்றைப் பார்த்தான். நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

அதைப் பார்த்துவிட்டு அவள் டம்ளரை உதட்டருகே கொண்டுபோனாள். பிறகு ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தாள்.