சீவிய உருத்து

தரகர் அருளப்பு முன்விறாந்தையைக் காட்டத் தொடங்குமுன்பே யோகம்மா பின்வளவுக்குப் போய்க் கிணற்றில் வாளியை விட்டுவிட்டாள். ஒரு கை அள்ளி வாயில் ஊற்றிக் கொஞ்சநேரம் நாக்கில் வைத்திருந்தாள். தீவுப்பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள், கூரையெல்லாம் பிறகு. தண்ணீர் நல்ல தண்ணீர். அதுவே அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. கரம்பொன்னில் ஓட்டு வீடு, உப்பில்லாத கிணறு, காய்க்கிற தென்னை, கேட்கிற விலையோ குறைவு. எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கத்தான் வேண்டும்.

அவளை அப்படி ஆக்கியது போன வருஷத்து ஆடி மாதம். கொழும்பில் அவர்கள் இருந்த வாடகை வீடு கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தபோது, தினமும் மதிலடியில் நின்று கதைபேசிய எதிர்வீட்டுக்காரி யன்னலைச் சாத்தியதை யோகம்மா கண்ணால் கண்டாள். கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கி, வேலணையில் புருஷன் மார்க்கண்டுவின் தமையன் வீட்டில் ஒதுங்கிய பிறகும் அந்த யன்னல் மனதை விட்டுப் போகவில்லை. யார் எதைச் சொன்னாலும் இரண்டு தரம் புரட்டிப் பார்த்தாள். அந்த வீட்டில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் உலை வைக்குமுன் மச்சாளின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. தனக்கென்று ஒரு குசினி, யாரையும் கேளாமல் பற்றவைக்கிற ஒரு அடுப்பு, இதற்காகத்தான் மிச்சமிருந்த நகையையும் விற்கத் துணிந்திருந்தாள்.

வீடு பார்க்கப் போய் வீடு கிடைக்கவில்லை, சொற்கள்தான் கிடைத்தன. புங்குடுதீவில் பார்த்த வீடு ஒற்றியில் கிடந்தது. கடன் கொடுத்தவன் வட்டிக்குப் பதிலாக வீட்டிலேயே குடியிருந்தான், அவனை எழுப்பாமலே அவளுக்கு விற்கப் பார்த்தார்கள். வேலணையில் பார்த்தது ஈட்டில் இருந்தது. வீட்டுக்காரன் வீட்டில் இருந்தான், வீட்டு உறுதிப் பத்திரம் இன்னொருவனுடைய அலுமாரியில் இருந்தது. வேறொரு வீட்டுக்குக் கிணற்றில் பங்கு இருந்தது, கிணற்றடிக்குப் போக வழி இல்லை. ஒவ்வொரு சொல்லும் ஒரு பொறி என்று யோகம்மா முடிவு கட்டியிருந்தாள்.

"அறுதியாத்தானே விக்கினம், அண்ணை? ஒத்தி, ஈடு ஒண்டும் இல்லையே?"

"அறுதிதான் தங்கச்சி. கிணறும் முழுக்க இந்த வளவுக்குத்தான்," என்றார் அருளப்பு. பிறகு தென்னையைப் பார்த்துக்கொண்டு, "ஒரேயொரு சொல்லு மட்டும் கிடக்கு. சீவிய உருத்து," என்றார்.

"அதென்ன?"

"தாய் மகளுக்குச் சீதனமா எழுதேக்கை, தான் சீவிக்குமட்டும் இஞ்சை இருக்கிற உருத்தை வைச்சுக்கொண்டுதான் எழுதினவ. மகள் மேரிஜோசப்பின் விக்கலாம். வாங்கிற ஆக்கள் தாயை எழுப்ப ஏலாது. பக்கத்தறையிலைதான் மனிசி இருக்கிறா. சும்மா ஒரு சொல்லு."

"சும்மா ஒரு சொல்லெண்டால் அவவும் கையெழுத்து வைச்சு அதை விட்டிடலாமே?"

அருளப்பு சால்வையை உதறித் தோள் மாற்றிப் போட்டார். அவர் சொன்னவற்றிலெல்லாம் யோகம்மா முழுதாக நம்பியது அந்தச் சால்வை உதறலைத்தான்.

உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போய்க் கேட்டாள். அவரும் அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொன்னதால், இருவரும் கூடித்தான் கதைத்திருக்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். மார்க்கண்டுவுக்குச் சலித்துவிட்டது.

"இனி ஆரைத்தான் கேக்கப்போறீர்?"

"அந்த மனிசியை."

புருஷனையும் தரகரையும் விட்டுவிட்டுத் தனியாக பஸ் ஏறிப் போனாள். மேரிஜோசப்பினின் தாய் அல்போன்சம்மா முற்றத்தில் பனைமட்டை கொத்திக்கொண்டிருந்தாள். கத்தி விழுகிற ஒவ்வொரு முறையும் மட்டை நேராகப் பிளந்தது. யோகம்மா அந்தக் கையைப் பார்த்தாள். காலில் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தாள். மூச்சு வாங்குகிறதா என்று காதைக் கொடுத்தாள். கையெழுத்தைப் பற்றிக் கேட்கத்தான் வழிநெடுகச் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். வாயிலிருந்து வந்தது வேறு.

"அம்மாவுக்கு என்ன வயசு?"

அல்போன்சம்மா கத்தியைக் கீழே வைக்கவில்லை. "முந்தி வீடு பாக்க வந்தவையும் இதைத்தான் முதல் கேட்டவை. ஒருத்தர் இருமல் இருக்கோ எண்டும் கேட்டவர்."

யோகம்மாவுக்கு முகம் எரிந்தது. இப்படி வெட்கப்பட்டு எத்தனையோ காலம். 

"நீரும் கையெழுத்துக்குத்தான் வந்திருப்பீர். நான் வைக்கமாட்டன், பிள்ளை. வீடு மகளின்ரை, அவள் விக்கட்டும். தன்னோடை வந்து இருக்கச் சொல்லுறாள். அங்கை மருமகன்ரை வீட்டிலை ஒரு வாய் தேத்தண்ணிக்கும் அவளின்ரை முகத்தைப் பாக்கவேணும். இஞ்சை நான் ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை."

அது தன் வாயிலிருந்தே வந்த பேச்சுப்போல யோகம்மாவுக்குப் பட்டது. அதனாலேயே கிழவியை எழுப்ப மனம் வரவில்லை. அதனாலேயே அவளை நம்பவும் முடியவில்லை. ஒரு அடுப்புக்காக மனுஷி எதையும் செய்வாள் என்பது அவளுக்குத் தன்னை வைத்தே தெரியும்.

வாங்கினார்கள். வேறு வீடு கிடைக்காது என்று மார்க்கண்டு சொன்னதும் ஒரு காரணம், அந்தத் தண்ணீர் இன்னொரு காரணம். எழுத்து முடிந்த கையோடு கதையும் கிளம்பிவிட்டது. சந்தையில் மீன் வாங்க நின்றபோது முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னது யோகம்மாவின் காதில் விழுந்தது: "கொஞ்சம் பொறுத்தினமெண்டால் முழு வீடும் அவைக்குத்தானே." திரும்பிச் சண்டை பிடித்திருப்பாள். ஆனால் அந்தக் கணக்கைத் தானும் ஒருதரம் போட்டுப் பார்த்தவள்தான். மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

குடிபுகுந்த காலை புதுப்பானையில் பால் காய்ச்சினார்கள். பொங்கி வழிந்தபோது யோகம்மா அழுதாள். அடுப்பு அவளுடையது, விறகு அவளுடையது, யாரையும் அவள் கேட்கவில்லை. சாமிப்படத்துக்கு வைத்து, மார்க்கண்டுவுக்குக் கொடுத்து, தானும் குடித்துவிட்டு, ஒரு பேணியில் ஊற்றிச் சீனி போட்டுக் கலக்கிக்கொண்டு பக்கத்தறைக்குப் போனாள்.

"பால் காய்ச்சினனாங்கள், அம்மா. வீட்டிலை இருக்கிற எல்லாரும் குடிக்கவேணும்."

அல்போன்சம்மா இரண்டு கையாலும் வாங்கினாள். பேணிக்குள் பார்த்தாள், பிறகு யோகம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "நல்லாயிருங்கோ," என்றாள். மூலையில் கிடந்த சிரட்டையை எடுத்து அதில் கொஞ்சப் பாலை ஊற்றி வாசலில் வைத்து, நாக்கைத் தட்டிக் கூப்பிட்டாள். வேலிப்பக்கமிருந்து ஒரு மஞ்சள் பூனை வந்தது.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கிழவியின் இடத்தில் இருந்தால் தானும் இதைத்தான் செய்திருப்பாள் என்பது யோகம்மாவுக்கு நன்றாகத் தெரிந்தது. போய்விடலாம் என்று நினைத்தாள், போகவும் கால் வரவில்லை. பேணி வாய் படாமல் அல்போன்சம்மாவின் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

பூனை சிரட்டையை அடிவரை நக்கியது. மீசையைத் துடைத்தது. வெயில் விழுந்த படியில் சரிந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. இரண்டு பெண்களும் குனிந்து, அதன் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார்கள்.