ஒத்திகையில் சொன்ன பதில்

அன்று வெளியே பனி பெய்துகொண்டிருந்ததா, அல்லது அந்தக் குளிர்காலத்தின் வேறொரு நாளை இதோடு சேர்த்துவிட்டேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மார்ஜீன் ஓல்ஸ்டாட் சொன்ன பதில் நினைவிருக்கிறது. அதுகூட இதே சொற்களில்தானா என்பது சந்தேகம்தான்.

மார்ஜீன் எங்கள் மாநிலச் சுகாதாரத் துறையின் தற்காலிகத் தலைவர். செவிலியாகத் தொடங்கி அந்த நாற்காலிவரை வந்தவர். அவரை நிரந்தரமாக்க, ஆளுநர் அவர் பெயரைச் செனட்டுக்கு அனுப்பிவிட்டார். இனி மாநில செனட் குழு விசாரித்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன், நான் வேலை பார்க்கும் ஆளுநர் அலுவலகத்தில் ஒத்திகை பார்ப்பது வழக்கம். நாங்களே செனட்டர்களாக உட்கார்ந்து ஈவிரக்கமில்லாமல் கேட்போம். அன்று குழுத் தலைவர் வேடம் எனக்கு. ஆளுநரின் சட்ட ஆலோசகர் டேல் ஹ்ருஸ்கா, எப்போதும்போல, எதிர்க்கட்சிக்காரர். அந்த வேடத்தில் அவருக்குத் தனி ருசி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொள்வார்.

"அரசாங்கக் காருல மீன் பிடிக்கப் போனீங்களாமே, அம்மணி?"

"போனேன், செனட்டர். ஒண்ணும் மாட்டல."

எல்லோரும் சிரித்தோம். அவருக்கு எதிராக எதிர்க்கட்சியின் கையில் இருந்ததும் அந்தக் கார் விவகாரம் ஒன்றுதான்.

பிறகு டேல் ஹோல்டன் க்ரீக்கைப் பற்றிக் கேட்டார். அந்தச் சிற்றூரின் கிணற்றுநீர் கைக்குழந்தைகளுக்கு ஆகாது என்பதைச் சட்டமன்றத் தேர்தல் முடிந்த பிறகே அறிவித்திருந்தோம். மறுபரிசோதனைக்காகக் காத்திருந்தோம் என்பது தயாரித்து வைத்த பதில். அதை எழுதிக் கொடுத்ததே டேல்தான்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

மார்ஜீன் முன்னாலிருந்த கோப்பைத் திறக்கவில்லை.  

"செப்டம்பர்லயே தெரியும், செனட்டர்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"ஆளுநர் ஆபீஸ்லேர்ந்து டேல் ஹ்ருஸ்கான்னு ஒருத்தர் போன் பண்ணாரு. தேர்தல் முடியட்டும்னாரு. நானும் சரின்னுட்டேன்."

டேல் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். "மார்ஜீன், இதை அங்க யாரும் கேக்கப் போறதில்ல. அவங்களுக்கு இந்த விஷயமே தெரியாது."

"பின்ன நீ ஏன்பா கேட்டே?"

 தான் எழுதியதை மார்ஜீன் வாயால் கேட்டுப்பார்க்க டேல் நினைத்திருக்கலாம். செனட் குழு முன்னாலும் இதைத்தான் சொல்வீர்களா என்று கேட்டார்.

"சத்தியம் பண்ணிட்டு உக்காந்தா வேற என்ன சொல்றது?"

விலகச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அறையிலிருந்த எல்லோரும் அந்தப் பதிலைக் கேட்டுவிட்டோம். மறுநாள் காலை, குடும்பக் காரணங்களுக்காகப் பதவியிலிருந்து விலகுவதாக ஓர் அறிக்கையை நான்தான் எழுதி எடுத்துப்போனேன்.

"எனக்குக் குடும்பம்னா நாய் ஒண்ணுதான். பழி அது மேலயா?" என்றபடி கையெழுத்துப் போட்டார்.

அவர் துணிந்து விசாரணைக்குப் போயிருக்கலாம். ஹோல்டன் க்ரீக்கைப் பற்றி ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். யாரும் கேட்காமலே அந்தப் பதவி கிடைத்துவிடுமோ என்றுதான் அவர் பயந்தாரோ என்று சில சமயம் தோன்றுகிறது. ஆனால் வெளியிலும் அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ஜீன் இப்போது வடக்கே ஒரு கல்லூரியில் செவிலியர்களுக்குப் பாடம் எடுக்கிறார். ஆளுநர் தன் அடுத்த தேர்தலில் இரண்டாம் முறையும் வென்றார். டேல் நீதிபதியாகிவிட்டார், அதற்கும் செனட் ஒப்புதல் வேண்டும், சிக்கலில்லாமல் கிடைத்தது. நான் அதே அலுவலகத்தில் இருக்கிறேன். ஹோல்டன் க்ரீக்கில் குழந்தைகள் இருந்த வீடுகள் சில காலியாகிவிட்டன. மற்றவர்கள் குடிதண்ணீரைக் கடையில் வாங்குகிறார்கள்.