இடது கால் குடை

ஒரு நாள் கருத்தரங்குக்குப் போய்வந்த மாப்பிள்ளைக்கு அதன்பிறகு வேறு பேச்சே இல்லை. போகும்போது மாமனாரின் குடைக் கம்பெனியில் விற்பனையைக் கவனிக்கும் சாதாரண மருமகனாகத்தான் போனார். வரும்போது கழுத்தில் பெயர் அட்டை, தோளில் இலவசப் பை, வாயில் கிளவுட். பெயர் அட்டையை மட்டும் குளிக்கப் போகும்போது கழற்றினார்.

கம்பெனியின் கீழ்த்தளத்தில் தையல் மெஷின்கள், கம்பிக் கட்டுகள், சுருட்டி வைத்த கறுப்புத் துணி. மாடியில் ஆபீஸ். அதன் மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. கட்டடத்திலேயே ஏசி இருந்தது அங்கே மட்டும்தான். உள்ளே கணக்கு, ஸ்டாக், ஆர்டர் எல்லாவற்றையும் சுமந்தபடி ஒரு பழைய சர்வர் முனகிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்காரர் கொளுத்தும் வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். கடைசியில் அவர் பெயரே ஸ்வெட்டர் என்றாகிவிட்டது. தான் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஒரு இரும்புப் பெட்டி குளுகுளுவென்று இருப்பதில் முதலாளிக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். மாப்பிள்ளை சரியாக அந்த இடத்தில் கை வைத்தார்.

"இனிமே நமக்கு அந்த சர்வரே வேண்டாம் மாமா. எல்லாத்தையும் இன்டர்நெட்ல இருக்கற கிளவுடுக்கு மாத்திடலாம்."

"மேகத்தை நம்பித்தானே மாப்பிள்ளை இத்தனை வருஷமா கம்பெனி நடக்குது? புதுசா என்ன?"

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கருத்தரங்கில் யாரும் சிரித்திருக்கவில்லை போலிருக்கிறது.

"இது தொழில் விஷயம் மாமா. மூணு வகை இருக்கு. ஒண்ணு, வெறும் மெஷினை மட்டும் வாடகைக்கு எடுக்கறது. மத்ததெல்லாம் நம்ம பொறுப்பு. ரெண்டாவதுல புரோகிராம் எழுதி ஓட்டறதுக்கான ஏற்பாட்டையும் அவங்களே செஞ்சு தருவாங்க. எழுதறது மட்டும் நாம. மூணாவதுல புரோகிராமே ரெடியா இருக்கும். போய் உக்காந்து வேலையப் பாக்க வேண்டியதுதான்."

"அதாவது வெறும் கம்பி, தைக்கத் தயாரா துணியோட கம்பி, முழுக் குடை."

மாப்பிள்ளையின் முகம் சுருங்கியது. இதைச் சொல்ல அங்கே அரை நாள் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள்.

"நமக்கு என்ன லாபம்?" என்றார் முதலாளி.

"மெஷின் வாங்க முதல் போட வேண்டாம். ரிப்பேர்னா அவங்க பாடு. எங்க இருந்தும் வேலை பாக்கலாம். முக்கியமா, மழைக்காலத்துல கூட்டம் வந்தா தானா விரியும், வெயில் வந்தா தானா சுருங்கும்."

விரிந்து சுருங்குவது எதுவாக இருந்தாலும் முதலாளிக்குப் பிடிக்கும். மூன்றாவது வகையையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். சர்வர் போய், அந்த அறைக்குள் முதலாளியின் மேஜை வந்தது. ஸ்வெட்டர் வெளியே வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக வியர்த்தார். ஸ்வெட்டரைக் கழற்றிய பிறகும் பெயர் போகவில்லை.

வந்து சேர்ந்த புரோகிராம் எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்தது. அதை எழுதியவர்கள் முதலில் செருப்புக் கடைகளுக்காகத்தான் எழுதினார்கள் என்பது மட்டும் எழுதியிருக்கவில்லை. ஒவ்வொரு குடைக்கும் அது சைஸ் கேட்டது. சைஸைச் சொன்னால் இடது காலா வலது காலா என்று கேட்டது. பதில் சொல்லாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக மறுத்தது.

மாப்பிள்ளை உதவி எண்ணுக்குப் போன் போட்டார். மறுமுனையில் ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள்.

"அது எல்லாருக்கும் பொதுவான அமைப்பு சார். உங்களுக்காக மட்டும் மாத்த முடியாது. நீங்கதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

கல்யாணமாகி வீட்டோடு வந்து சேர்ந்த மாப்பிள்ளைக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. அனுசரித்தார். அன்று முதல் ஆண்கள் குடை வலது கால், பெண்கள் குடை இடது கால், குழந்தைகள் குடை எட்டாம் நம்பருக்கும் கீழே. ஒரு கடைக்காரர் பில்லைப் பார்த்துவிட்டு, "ஜோடியா அனுப்புங்க, ஒத்தையா அனுப்பினா யார் வாங்குவா?" என்று சண்டைக்கு வந்தார்.

பிறகு மழை வந்தது. அந்த வருஷம் வானம் பொத்துக்கொண்டது. முன்பெல்லாம் இப்படி ஆர்டர் குவிந்தால் பழைய சர்வர் திணறிப் படுத்துவிடும். அது எழுந்திருப்பதற்குள் கீழே கொஞ்சம் தைத்து முடித்திருப்பார்கள். இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஆர்டர் வர வர கிளவுட் விரிந்தது. கேட்டவருக்கெல்லாம் 'நன்றி, உங்கள் ஆர்டர் ஏற்கப்பட்டது' என்றது.

"பாத்தீங்களா மாமா! கொஞ்சம்கூட திணறல!" மாப்பிள்ளை திரையைத் தடவிக்கொடுக்காத குறை.

முதலாளி திரையைப் பார்த்தார். எழுந்து கீழே போனார். தையல் பகுதியை மேய்க்கும் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். பின்னால் ஒரு மெஷின்கூட ஓடவில்லை.

"ஐயா, மேல இருக்கறது தானா பெருசாகுமாமே?"

"ஆமாம்மா."

"எங்க கைக்கு ஏதாவது அப்படி வழி இருக்கா? நேத்துலேர்ந்து யாரும் நிமிர்ந்து உக்காரல. கம்ப்யூட்டர் ஒத்துக்கிட்ட ஆர்டரைக் கம்ப்யூட்டரே தைக்கட்டும்."

முதலாளி மாடிக்குத் திரும்பி, "நிறுத்துங்க மாப்பிள்ளை" என்றார்.

நிறுத்துவதற்கு அந்தப் புரோகிராமில் பொத்தான் இல்லை. ஆர்டரை வேண்டாம் என்று சொல்லும் கடையை அதை எழுதியவர்கள் கற்பனை செய்திருக்கவில்லை. உதவி எண்ணில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. போனைக் காதில் இடுக்கிக்கொண்டே பக்கம் பக்கமாகத் திறந்து பார்த்த மாப்பிள்ளை சட்டென்று உட்கார்ந்தார். எல்லா சைஸிலும், இரண்டு காலுக்கும், சரக்கு இல்லை என்று போட்டார். ஆர்டர் நின்றது. பாட்டு இன்னும் ஓடியது.

"பரவாயில்லையே" என்றார் முதலாளி. கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளையிடம் அவர் சொன்ன முதல் பாராட்டு அதுதான்.

ஆனால் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட ஆர்டர்கள் தைக்கப்படாமல் கிடந்தன. மாப்பிள்ளை போனை எடுத்துக்கொண்டு கீழே போய், துணிச் சுருள் மேல் உட்கார்ந்து ஒவ்வொரு கடைக்காரராகக் கூப்பிட்டு அவகாசம் கேட்டார். திட்டு வாங்கினார். "கம்ப்யூட்டர் மேல தப்பில்லைங்க. நான்தான் யோசிக்காம விட்டுட்டேன்" என்று அவர் சொன்னது படிக்கட்டில் நின்ற முதலாளிக்குக் கேட்டது. அவரும் இறங்கி வந்து, பாதிக் கடைகளைத் தானே கூப்பிட்டார். மெஷின்கள் ஒவ்வொன்றாக மறுபடி ஓட ஆரம்பித்தன. கடைசிக் குடைகள் போய்ச் சேர்ந்தபோது வெளியே நல்ல வெயில். பாதிப் பேர் திருப்பி அனுப்பினார்கள்; மீதிப் பேர் வெயிலுக்கு ஆகுமென்று வைத்துக்கொண்டார்கள்.

இப்போதும் கம்பெனி கிளவுடில்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை ஆர்டர் என்பதைக் காலையில் அக்காவைக் கேட்டு மாப்பிள்ளையே சரக்குக் கணக்கில் போடுகிறார். கருத்தரங்குக்காரர்கள் இதற்கு 'மனித மையத் திட்டமிடல்' என்று பெயர் வைத்து, அடுத்த முறை அவரையே பேசக் கூப்பிட்டார்கள்.

முதலாளி முன் வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்தார். பேச்சு முடிந்ததும் ஒருவர் மைக்கை அவரிடம் நீட்டினார்.

"ஐயா, கிளவுடால உங்க தொழிலுக்குக் கிடைச்ச பெரிய நன்மை எது?"

மருமகன் கீழே இறங்கிப் போய்த் தையல்காரப் பெண்கள் நடுவே உட்கார்ந்து தொழிலைக் கற்றுக்கொண்டார் என்று சொல்லத்தான் முதலாளி வாயைத் திறந்தார். சபையில் புருஷன் மானம் போகுமென்று மகள் அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"வேகம்" என்றார் முதலாளி.

அரங்கம் முழுவதும் குனிந்து எழுதிக்கொண்டது.