கோடி கொண்டு போன வண்டி

மோட்டார் வண்டி ஒண்ணு கட்டப்போறேன்னு எங்க ஊட்டுக்காரரு சொன்ன அன்னைக்கு நான் தலையில அடிச்சிக்கிட்டேன். இருக்கறதே ஒரு காலு. இன்னொரு காலை மீன் புடிக்கிற லாஞ்சியில வலை இழுக்குற கயிறு சுத்தி முட்டியோட வாங்கிட்டுப் போயிடுச்சி. "ஒக்காந்த எடத்துல சோறு போடறேன், கம்முனு கெடய்யா"ன்னேன். பொன்னுரங்கம் யாரு பேச்சைக் கேட்டிருக்காரு? பெத்த தாயி பேச்சையே கேக்காதவரு. கேட்டதெல்லாம் ஒரே ஆளு பேச்சுதான். அவரோட அக்கா, ஞானாம்பா அண்ணி.

அண்ணிய சிதம்பரத்துல கட்டிக் குடுத்திருந்தாங்க. கால் போனப்ப ஆஸ்பத்திரியில அவருக்குப் பீ மூத்திரம் அள்ளுனது நான் பாதி, அண்ணி பாதி. தேறி எழுந்தப்புறம் ஒரு தடவ பஸ்ஸுல அண்ணி ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு ஆளுங்க கக்கத்துல கையக் குடுத்து அவரை மூட்டை மாதிரி எறக்குனாங்க. பஸ்ஸே எட்டிப் பாத்துது. கூட்டிட்டுப் போக வந்த அண்ணிக்கு மொகம் செத்துப்போச்சி. "அடுத்தவன் தூக்கியாந்து எறக்குற தம்பி எனக்கு வேணாம்டா. நீயே ஓட்டிக்கிட்டு வா, வாசல்ல ஆரத்தி சுத்துறேன்"ன்னு சொல்லிட்டு கண்ணத் தொடச்சிக்கிச்சி. அன்னைக்குப் புடிச்சது இவருக்கு இந்தப் பைத்தியம்.

எங்க கடலூரு முதுநகர் பழைய இரும்புக் கடையில ஒரு மொபெட் எஞ்சின் கெடச்சிது. முன்னால ரெண்டு சக்கரம், பின்னால ஒண்ணு. வெல்டிங் எல்லாம் எந்தம்பி அன்பரசு. பிரேக்கு, ஆக்சிலேட்டரு எல்லாமே கையில. ஸ்டார்ட் பண்றதுக்கு மட்டும் நான் பின்னாடி நின்னு தள்ளணும். "பொண்டாட்டிதான்டி செல்ஃப் ஸ்டார்ட்டு"ன்னு அவருக்குச் சிரிப்பு வேற.

எல்லாம் சரியா வந்துது, பெட்ரோல் டேங்குதான் உசுர வாங்குச்சி. எஞ்சினோட வந்த டேங்கு ஓட்டை. போட்டுல டீசல் எண்ணெய் ஊத்தி வைக்கிற தகர கேன் ஒண்ணு கெடந்துது, அதை எடுத்து முதுகுக்குப் பின்னால ஒசரமா ஒரு ஸ்டாண்டு அடிச்சி நிக்க வச்சாரு. மேலேந்து பெட்ரோல் தானா டியூப்புல எறங்கி கார்பரேட்டருக்குப் போயிடும். மொதல்ல பத்தவச்ச எடம் ஒழுகுச்சி. அப்புறம் டியூப்பு சைலன்சர்ல பட்டு உருகுச்சி. திரும்பத் திரும்பப் பிரிச்சி மாட்டுனாரு. கடைசியா மூடி. சைக்கிள் டியூப்ப வட்டமா வெட்டி வாசர் போட்டு இறுக்குனாரு பாருங்க, நான் ரெண்டு கையால திருகியும் அசையல.

"உப்புத்தண்ணி ஒரு சொட்டு பூந்தா எஞ்சின் காலி"ன்னாரு.

"கடலூரு ரோட்டுல ஏதுய்யா அலை?"ன்னேன்.

"கைப்பழக்கம்டி, போ"ன்னாரு.

தெருவுல ஓட்டுனாரு, துறைமுகம் கேட்டு வரைக்கும் போயிட்டு வந்தாரு. அந்தக் கொஞ்ச தூரத்துக்கு ஒரு கொறையும் இல்லாம ஓடுச்சி. ஆனித் தேருக்கு சிதம்பரத்துக்கே போயி நிக்கறோம்னு அண்ணிக்குப் போன் போட்டு சொன்னாரு. அந்தப் பக்கம் அண்ணி சிரிச்ச சிரிப்பு எனக்கே கேட்டுச்சி.

ஆனி வர்றதுக்கு முந்தியே, வைகாசியில ஒரு நாள் காலையில, அண்ணி ஊட்டுக்காரரு சுப்பிரமணியன் அண்ணன் போன் பண்ணாரு. டீ போட அடுப்பாண்ட நின்ன அண்ணி நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துதாம், அவ்ளோதான்.

பொம்பள செத்தா பொறந்த ஊட்டுக் கோடி வந்தாகணும். கூடப் பொறந்தவன் கையால புதுப் புடவைய மேல போத்துனாதான் பொணத்த எடுப்பாங்க. இவரு ஒருத்தருதான் கூடப் பொறந்தவரு. "மூணு மணிக்குள்ள வந்துருங்க மச்சான், வெயிலு ஜாஸ்தி"ன்னு அண்ணன் சொன்னாரு. நான் கடைத்தெருவுக்கு ஓடி செகப்புல மஞ்ச கரை போட்ட புடவையா வாங்கியாந்தேன். வந்து பாத்தா இவரு வண்டியில உக்காந்திருக்காரு.

"வேணாய்யா, பஸ்ஸுல போயிடலாம்"னு கத்துனேன்.

"அவ கேட்டது இதான். கடைசியாவாவது நானே ஓட்டிக்கிட்டுப் போறேன். தள்ளு."

புடவைய அவரு மடியில வச்சேன். தள்ளிட்டு அவரு பக்கத்துல ஏறிக்கிட்டேன்.

ஆலப்பாக்கம் தாண்டுனதும் எஞ்சின் இருமுச்சி, நின்னுடுச்சி. பெட்ரோல் இருக்குதான்னு மூடியத் திருகித் தெறந்து பாத்தாரு. இருந்துது. இறுக்கி மூடுனாரு. தள்ளுனேன், ஒடனே புடிச்சிக்கிச்சி. குப்பை அடைச்சிருக்கும், போயிடுச்சின்னாரு. புதுச்சத்திரத்துக்கிட்ட திரும்ப நின்னுது. டியூப்ப வாயில வச்சி ஊதுனாரு, ப்ளக்கக் கழட்டித் தொடச்சாரு, மூடியத் தெறந்து பாத்தாரு, மூடுனாரு. ஓடுச்சி. கொஞ்ச தூரம் போயி திரும்பவும் அதே கதைதான். ரயிலும் அப்ப கெடையாது, லைன் மாத்துறோம்னு தண்டவாளத்தைப் பேத்துப் போட்டிருந்தாங்க. சிதம்பரம் பஸ்ஸு ஒண்ணு எங்களைத் தாண்டிப் போச்சி.

"கையக் காட்டி ஏறிடலாய்யா, வண்டி கெடக்கட்டும்!"

"நீ வேணா போ."

"நான் போயி என்னா பண்றது? கோடிய நீதான போடணும்! பாழாப்போன வீம்பு ஒனக்கு!"

அவரு பாட்டுக்கு கார்பரேட்டரக் கழட்டி வேட்டியில தொடச்சிக்கிட்டு இருந்தாரு. கண்ணுலேந்து தண்ணி அது மேலயே விழுந்துது. போன் அடிச்சிக்கிட்டே கெடந்துது, வர்றோம் வர்றோம்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். முட்லூர்ல திரும்ப நின்னப்ப மணி நாலு ஆயிடுச்சி. அவசர அவசரமா தெறந்து பாத்தாரு, தள்ளுன்னாரு, கெளம்புனோம். அங்கேந்து வெள்ளாத்துப் பாலம் ஏறி எறங்கி சிதம்பரம் வரைக்கும் நிக்கவே இல்ல. கடைசியா அடைப்பு போயிடுச்சின்னு நெனச்சோம்.

அண்ணி ஊட்டு வாசலைக் கழுவி விட்டிருந்தாங்க. சுப்பிரமணியன் அண்ணன் ஈரத் துணியோட நின்னாரு.

"முடிஞ்ச வரைக்கும் வச்சிருந்தேன் மச்சான். தாங்கல. ஒடம்பு ஒரு மாதிரி ஆயிடுச்சி. எந்தங்கச்சிய விட்டு ஒரு புடவ போட சொல்லி எடுத்துட்டோம்."

யாரும் தூக்காம, யாரும் புடிக்காம, அவரே ஓட்டிக்கிட்டு வந்து வாசல்ல நின்னாரு. பாக்குறதுக்கு அண்ணி இல்ல. எனக்கு ஓன்னு அழுவ வந்துடுச்சி. இவரு வண்டிய விட்டு எறங்கவே இல்ல. ஒரு வாய் தண்ணி கூட வாங்கல.

கோடித் துணிய ஊட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போகக் கூடாது. சுடுகாட்டுல போட்டுடலாம்னு அண்ணன் கை நீட்டுனாரு. இவரு குடுக்கல, மடியிலயே வச்சிக்கிட்டாரு. ஊருக்குத் திரும்ப வண்டியத் தள்ளப் போறப்பதான் நான் பாத்தேன், அவரு சட்டை முதுகெல்லாம் பெட்ரோல். டேங்குல மூடி இல்ல. முட்லூர் ரோட்டோரமா கல்லு மேல வச்சவரு அதை அப்புடியே விட்டுட்டு வந்திருக்காரு.

"எதையாவது வச்சி அடைய்யா, மேல தெறிக்குது"ன்னேன். மடியில இருந்த புடவைய பல்லால கடிச்சி ஒரு துண்டு கிழிச்சாரு. அதைச் சுருட்டி டேங்கு வாயில சொருவுனாரு.

வெள்ளாத்துப் பாலம் வந்துது, நிக்கல. முட்லூர், புதுச்சத்திரம் எல்லாம் தாண்டுச்சி, ஒரு இருமல் இல்ல. பொழுது சாயுற நேரத்துக்கு ஆலப்பாக்கம் வந்ததும் அவரே எஞ்சின அணைச்சாரு.

"மூடிதான்டி, மங்கலம்."

"என்னாது?"

"கடல்ல அலையத் தாண்டுற வரைக்கும்தான் கேன் மூடிய இறுக்கி வப்போம். தாண்டுனதும் ஒரு சுத்து தளத்தி விட்டுடுவோம். உள்ள காத்து போனாதான் எண்ணெய் எறங்கும். சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும்டி. காத்து இல்லாமதான் நின்னுருக்கு. நான் தெறந்து பாக்குறப்பல்லாம் காத்து உள்ள போயி ஓடிருக்கு." திரும்பி டேங்கப் பாத்தாரு. "எங்கக்கா அங்க எனக்காகக் காத்துக் கெடந்தா. நான் தெறந்து பாத்து, தெறந்து பாத்து, இறுக்கி இறுக்கி மூடுனேன்."

திட்டுறதுக்கு எவ்ளோவோ இருந்துது எங்கிட்ட. அத்தினி வருசமா கூட இருக்குற மனுசன், அவ்ளோ சத்தமா அழுது நான் பாத்ததே இல்ல, கால் போனப்ப கூட. ரோட்டுல போறவங்க திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும்னு விட்டுட்டேன். அழுது ஓயட்டும்னு பின்னாடியே நின்னேன். அப்புறம் டேங்கு வாயில நழுவிக் கெடந்த அந்தச் செகப்புத் துணிய, இறுக்காம, லேசா உள்ள தள்ளிவிட்டுட்டு, வண்டியத் தள்ளுனேன்.